நான்காவது கோடு

ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஒரு தம்ளர் பால் காய்ச்சினான். பாதியைக் குடித்தான், பாதியைத் தொட்டியில் ஊற்றினான். வாசல் கதவின் தாழ்ப்பாளை விலக்கினான். ஆறு மாதமாக, பகலில் அவன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் திறந்தே கிடக்கும். பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனைவியின் பழைய லேப்டாப்பைத் திறந்தான்.

திரையின் கீழ் ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், வைஃபை குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. குறியின்மேல் சிவப்புப் பெருக்கல் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குறியே இல்லை. விழுந்த பல்லின் இடம் மாதிரி ஓர் இடைவெளி.

இன்று விட்டால் முடிந்தது. அவளுடைய மெயில் கணக்கை ஆறு மாதமாக யாரும் திறக்கவில்லை, இன்றோடு அதிலிருப்பதெல்லாம் அழிக்கப்படும் என்று அவனுக்கு அறிவிப்பு வந்திருந்தது. கடவுச்சொல் அவளுக்கும் இந்த லேப்டாப்புக்கும் மட்டுமே தெரியும். கணக்குக்குள் ஓர் ஒலிப்பதிவு இருந்தது. மகளுக்காக அவள் சொல்லிவைத்த யானைக் கதை, ஏழு நிமிடம். அவள் குரலில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

மகள் இப்போது அவன் அக்காவிடம் வளர்கிறாள். நேற்று அக்கா போனில் பேசினாள்.

"அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு கேக்கறாடா. நானும் அவ மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினேன். 'போங்கத்தை, இது நீங்க'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"உனக்காவது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

இல்லை. அவள் சொன்ன சொற்கள் இருந்தன. குரல் போய்விட்டிருந்தது.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டான். இதே லேப்டாப்பை இரண்டு முறை பிழைக்க வைத்தவர்.

"இன்னுமா அது ஓடுது? ஓட்டுப் போடற வயசு வந்திருக்குமே சார்."

"வைஃபை குறியே காணோம்."

"பக்கவாட்டுல சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க. கை பட்டு நகர்ந்திருக்கும்."

நகரவில்லை. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னார்; அழுத்தினான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை பிடிக்கச் சொன்னார், பிடித்தான். உள்ளே இருக்கும் கருவிகளின் பட்டியலில் வயர்லெஸ் என்ற வரியே வரவில்லை. கேபிள் செருகும் துளையில் மகள் களிமண் அடைத்து ஒரு வருடம். யுஎஸ்பி துளைகள் அதற்கும் முன்பே செத்தவை.

"அப்ப கார்டுதான். பின் மூடியைத் திறங்க. தீப்பெட்டி அளவுல பச்சையா ஒண்ணு, கறுப்பும் வெள்ளையுமா ரெண்டு ஒயர் மாட்டியிருக்கும். கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்லை ரப்பரால தேய்ங்க."

மகளின் பாதி ரப்பரால் தேய்த்தான். கார்டைத் திருப்பியபோது மூலையில் ஒரு சில்லு வெடித்துக் கரிந்திருப்பது தெரிந்தது. சொன்னான்.

"கருகிடுச்சா? அது செத்த பொணம் சார், தூக்கிப் போடுங்க." உடனே குரலைத் தாழ்த்தினார். "சாரி சார். கார்டைச் சொன்னேன்."

"புரியுது."

"வேற கார்டு வர ரெண்டு நாள் ஆகும்."

"இன்னைக்கே வேணும்."

"அது இல்லாம காத்துல எதைப் பிடிக்கும் சார்?"

கார்டை ரப்பருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூடியைத் திருகினான். ஒருவேளை அந்தக் கதையை அவள் லேப்டாப்பிலேயே எங்காவது சேமித்திருப்பாளோ என்று கோப்பு கோப்பாகத் தேடினான். மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

நான்கு மணிக்கு மழை பிடித்தது. ஜன்னல் கம்பிகளில் நீர் திரண்டு ஒவ்வொன்றாகச் சொட்டும் சத்தமும், மாடிப்படியின் சுண்ணாம்புச் சுவர் நனைந்து கதவிடுக்கு வழியாக வரும் புளித்த வாசனையும், பகலுக்கு நடுவிலேயே அறை மூலைகளில் சேரத் தொடங்கிய இருட்டுமாக, வீடு யாரோ குளித்துவிட்டுப் போன குளியலறை போலக் கனத்துக் கிடந்தபோது, மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அலமாரிமேல் மோடத்தின் பச்சை விளக்குகள் அணைந்தன. பேட்டரி இன்னும் பதினொரு நிமிடம் தாங்கும் என்றது லேப்டாப்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைஃபை குறி இருந்தது.

அவன் மேசையைப் பார்த்தான். கார்டு ரப்பருக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

குறியை அழுத்தினான். ஒரே ஒரு பெயர். சிக்னல் ஒரு கோடு.

'ஓசிக்குக் கிடையாது.'

அவள் போனின் ஹாட்ஸ்பாட். தன் டேட்டாவைத் தீர்த்துவிட்டு அவன் அவளிடம் வந்து நிற்பதைக் கேலி செய்து அவள் வைத்த பெயர். அந்தப் போன் அவள் கையில் இருந்தது. விபத்துக்குப் பிறகு அவள் விரல்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. அப்படியே விட்டார்கள். அப்படியே புதைத்தார்கள்.

மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டான்.

"ஒரு ஹாட்ஸ்பாட் எவ்வளவு தூரம் பிடிக்கும்?"

"வெட்டவெளின்னா முப்பதடி, நாப்பதடி. நடுவுல சுவர் இருந்தா அதுல பாதி. ஏன் சார், கார்டு கிடைச்சிடுச்சா?"

கீழே தெருக் கதவு கிறீச்சிட்டது.

இரண்டு கோடுகள். லேப்டாப் தானாகவே இணைந்தது. மெயில் பக்கம் திறந்தது. ஒலிப்பதிவை அழுத்தினான். பதிவு இறங்கத் தொடங்கியது. நான்கு சதவீதம். ஒன்பது.

படியில் ஒரு காலடி. பிறகு ஏதோ இழுபடும் சத்தம். மறுபடி காலடி.

முதல் மாடி. முப்பத்தொன்று.

இரண்டாம் மாடி. மூன்று கோடுகள். அறுபத்தாறு.

அவன் வீடு மூன்றாம் மாடி.

சுண்ணாம்பு வாசனை போய் மண் வாசனை வந்தது. மழை மண் இல்லை. ஆழத்து மண்.

எழுந்து ஓடினான். தாழ்ப்பாளைப் போட்டான்.

காலடி நின்றது.

திரும்பிப் பார்த்தான். எண்பத்து மூன்று. அசையவில்லை. இரண்டு கோடுகள். காலடி ஒரு படி கீழே இறங்கியது. ஒரு கோடு.

அன்றும் போட்டிருந்தான். பழக்க தோஷம். அவள் பார்சல் வாங்கக் கீழே போயிருந்தாள். அவன் காதில் ஹெட்போன், ஆபீஸ் மீட்டிங். திரும்பி வந்து தட்டியிருக்கிறாள். நான்கு முறை போன் அடித்திருக்கிறாள். பிறகு மறுபடி கீழே இறங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, இந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி நடுரோட்டில் நின்றிருக்கிறாள். எதிர்க் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியையும் அவர்தான் முதலில் பார்த்தார்.

பேட்டரி இரண்டு நிமிடம்.

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட மகளை நினைத்தான்.

தாழ்ப்பாளை விலக்கினான்.

காலடி. இழுபடும் சத்தம். காலடி.

மூன்று கோடுகள். தொண்ணூறு.

தொண்ணூற்றாறு.

வாசல் மிதியடிமேல் ஈரமாக எதுவோ நின்றது.

நான்காவது கோடு. நூறு.

கதவு உள்பக்கம் நகர்ந்தது. இடுக்கில் முதலில் ஒரு போன் திரையின் நீல வெளிச்சம் வந்தது. பிறகு அதைப் பற்றியிருந்த விரல்கள். இன்னும் பிரியாமல். நகத்தில் மண்.

குரல் இப்போது நினைவுக்கு வந்தது, முழுதாக, அதே இழுப்போடு. அன்று செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அவள் கடைசியாகச் சொன்னது.

"கதவைத் தாழ் போட்டுடாதீங்க. இதோ வந்துடறேன்."