இளஞ்சூடு

இரண்டு நாளாக ஓடாத காரில் துளசிராமன் சாவியைத் திருப்பியதும், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறிப் பாதியில் நின்றது. இன்ஜினை அவன் இன்னும் கிளப்பவேயில்லை.

சென்சாரிலிருந்து முள்ளுக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பார்த்தான், முள் இறங்கியது. அப்படியானால் தண்ணீரின் சூட்டை அளக்க இன்ஜின் தலையில் முறுக்கியிருக்கும் அந்தப் பித்தளை சென்சார்தான் கெட்டிருக்க வேண்டும். புதுசு கைவசம் இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து உண்டாகியிருக்கிற அவன் பெண்டாட்டி செங்கம்மாளுக்கு இன்றோ நாளையோ வலி கண்டுவிடும். கும்மிடிப்பூண்டியில் இருந்ததே இரண்டு வாடகைக் கார். மற்றது மெட்ராஸ் போயிருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இது மக்கர் பண்ணினால் கேட்க நாதியில்லை.

"இன்னாங்க, இப்படி கவுச்சி அடிச்சிக்கினு கீது?" வாசலில் நின்ற செங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ரேடியேட்டர் தண்ணி நாறுது. நீ உள்ள போய்ப் படு."

அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்று அவன் சொல்லவில்லை. போன வாரம் ஆரம்பாக்கம் தாண்டி ரேடியேட்டர் வற்றியபோது, பிறந்ததும் செத்த பிள்ளைகளைப் புதைக்கிற குட்டைக்கரையில், கிட்ட இருக்கிறதே என்ற சோம்பலில் ஒரு டின் மொண்டு ஊற்றியிருந்தான். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா அது?

ஸ்பேனர் போட்டுத் திருகினான். பழைய சென்சார் வந்துவிட்டது. அதன் நுனியில் வெள்ளையாக, வழவழவென்று, பிறந்து விழும் பச்சைப் பிள்ளையின் மேல் அப்பியிருக்கும் அதே மாவு. தண்ணீர் கசியுமென்று துணியோடு காத்திருந்தான். துளையிலிருந்து வந்ததோ சளிபோல் கெட்டியாக, புளித்த பால் வாடையோடு, இளஞ்சூடாக வழிந்து அவன் விரலிடுக்குகளில் இறங்கி மணிக்கட்டில் நூல்நூலாய்த் தொங்கியது. கைலியில் துடைத்தான். போகவில்லை.

புதுசை மாட்டுமுன் துளையைச் சுத்தம் செய்தாக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்டுவிரலை உள்ளே விட்டான்.

மெத்தென்றிருந்தது.

ஈறு. பல் முளைக்காத ஈறு.

கவ்வியது. சப்பியது.

இழுத்தான். வரவில்லை.

"இன்னாங்க." உள்ளேயிருந்து செங்கம்மாளின் குரல், சன்னமாக. "செத்த வாங்களேன். இப்பத்தான் பொரண்டுகினு இருந்திச்சி. கொயந்த அசயவே இல்லீங்க."

விரல் நுனியில் சின்ன நாக்கு ஒன்று புரண்டு, ஓய்ந்து, மறுபடி சப்பத் தொடங்கியது.