பிரேக் சுவிட்ச்

வல்லம் வடகால் திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது வண்டி மறுபடியும் சோர்ந்தது. எஞ்சின் இருமவில்லை, உதறவில்லை. அறுபதில் போனது முப்பதுக்கு இறங்கியது, அவ்வளவுதான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். ஏற்றி வைத்த கண்ணாடிகளுக்குள் எங்கிருந்தோ பிரெஸ் மெஷினின் எண்ணெய் வாடை சுற்றிக்கொண்டிருந்தது. புருஷோத்தமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தடவை ஷெட்டில் விட்டாயிற்று, இன்னும் இதே கூத்து.

நான்காவது தடவையும் ஷெட்டுக்கே ஓட்டிப் போனான். மெக்கானிக் கலைமணி ஒரு சுற்று ஓட்டவைத்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரை நீட்டினார்.

"ஃபில்டர், டர்போ ஹோஸ் எல்லாம் நல்லா கீது சார். நீங்க ஆக்ஸிலேட்டர மிதிக்கசொல்லோ பிரேக்கையும் லேசா தொட்டுகினு கீறீங்கன்னு காட்டுது. ரெண்டும் சேர்ந்தா வண்டி தானா பவர குறைச்சிடும்."

"எனக்கு இன்னா மூணு காலா?"

"பிரேக் சுவிட்சையும் புதுசா மாத்திட்டேன். புதுசும் அதான் சொல்லுது. யாரோ தொடறாங்க சார்."

புருஷோத்தமன் ஸ்கேனரைத் தள்ளிவிட்டான். கோபத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அந்த சுவிட்ச பைபாஸ் பண்ணு. அது இல்லாமலே ஓடட்டும்."

"வேணாம் சார். சேஃப்டிக்கு வச்சது அது."

"பண்ணுன்னா பண்ணுயா."

பத்து நாளைக்கு முன் கம்பெனியிலும் இதையேதான் சொன்னான். அவன் லைன் சூப்பர்வைசர். கை உள்ளே இருந்தால் தகடு அழுத்தும் பிரெஸ்ஸை நிறுத்தும் சென்சார் சும்மா சும்மா லைனை நிறுத்தித் தொலைத்தது. அதை பைபாஸ் செய்யவைத்தான். "பயமா கீது சார்" என்றாள் அங்கே நின்ற இசைவாணி. "லைன் நிக்கக் கூடாது" என்று அவள்மேல் எரிந்து விழுந்தான். ஒரு மணி நேரத்தில் அவள் வலது கை கையுறையோடு பிரெஸ்ஸுக்குள் போய் மணிக்கட்டோடு துண்டானது. ஆம்புலன்ஸ் வந்தால் கம்பெனி கேட்டில் பதிவாகுமே என்று அவளை இதே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். படப்பை வருவதற்குள் பின் சீட்டில் முனகல் நின்றுவிட்டது. அவளுடைய அஜாக்கிரதை என்று எழுதிக் கொடுத்தான். செத்ததற்கும் அவள்மேலேயே கோபப்பட்ட மனிதன் அவன்.

கலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரை இணைத்துக் கொடுத்தார்.

வண்டி இப்போது சீறிக்கொண்டு போனது. எழுபது. தொண்ணூறு. சின்ன விஷயத்துக்கு எத்தனை அலைக்கழிப்பு என்று திட்டிக்கொண்டே சிரித்தான். எண்ணெய் வாடை மூக்கை அடைத்தது. அதனடியில் இன்னொரு வாடை. பின் சீட்டை எத்தனை கழுவியும் போகாத வாடை.

நூற்றுப் பத்து.

தூரத்தில் ஒரகடம் சிக்னல். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நின்றிருந்தது.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

குனிந்தான்.

பிரேக் பெடலின் ரப்பரில் எண்ணெய் படிந்த நான்கு விரல் தடங்கள். விரல்கள் அங்கே இல்லை.

அவன் ஷூவின்மேல் இருந்தன. கம்பெனி கையுறை போட்ட வலது கை. மணிக்கட்டு வரைக்கும்தான்.

அது அழுத்திக்கொண்டிருந்தது.