ஊமைக்காவலன் அறிந்த ரொமால்டு

கடல்நீரைக் குடிநீராக்கும் சின்னமுனை ஆலையில் எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். ஊமைக்காவலன் என்ற காவல் கருவி மட்டும் பேசாது. அதற்குச் செய்தி அனுப்பும் கண்ணாடி இழையே வைக்கவில்லை. ஆலையின் கணினி வலையில் ஓடும் ஒளியில் ஒரு துளியைப் பிரித்து வாங்கிக் கேட்கும், யார் எப்படிக் கட்டளை இடுவார் என்று பழகி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வாயே திறக்காத ஒன்றை, வலைக்குள் நுழையும் எந்தத் திருடன் கண்டுபிடிப்பான்? சந்தேகம் வந்தால் தலையிலுள்ள சிவப்பு விளக்கை ஏற்றும். ஏற்றினால், பணியில் இருப்பவர் வலையின் தலைமை இணைப்பைப் பிடுங்கி ஆலையையே நிறுத்திவிட வேண்டும். அது விதி.

அன்று மதியம் பணியில் இருந்தவள் பிரிஸ்கா. விளக்கு எரிந்தது.

வந்திருந்தது ஆலைத் தலைவர் ரொமால்டின் கட்டளை: வடிகட்டிகளைக் கழுவுவதற்காக நான்காம் மடையைத் திறக்க வேண்டும். மாதாமாதம் நடப்பதுதான். ஆனால் கை தவறினால் மடைக்குப் பின்னாலுள்ள கழிவு உப்புநீர் ஊரின் குடிநீரில் கலந்துவிடும். கடவுச்சொல் சரி. கண்முத்திரையும் சரி.

"ஸாரு தானே அனுப்பியிருக்காரு! நீ பிடுங்கினா கடற்கரை முழுக்கக் குழாயில தண்ணி வராது. உனக்க வேலையும் போவும்" என்றான் உடன் இருந்த வில்பிரட்.

"ஊமை அவரு இல்லங்குதே."

"ஓ, ஊமைதான் இனி உனக்கு ஸாரா?"

ஊமையின் சிறு திரையில் ஒரே ஒரு வரி தெரிந்தது: இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிஸ்காவுக்குச் சட்டென்று புரிந்தது. ரொமால்டு ஒரு கட்டளை இட்டால், திறந்ததா, எவ்வளவு திறந்தது, நிஜமாகவே திறந்ததா என்று வலையில் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்த ஆளோ கட்டளையைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறான். பிடுங்கிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"ஸார், நாலாம் மடையைத் தொறக்கச் சொன்னியளா?"

"நான் எப்ப பிள்ளே சொன்னேன்? மவளுக்க கல்யாணப் பந்தியில நிக்கேன்!"

வில்பிரட் நான்காம் மடை மூடியிருக்கிறதா என்று பார்க்க ஓடினான்.

கல்யாணம் முடிந்து திரும்பி வந்த ரொமால்டு, ஊமையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்க பெஞ்சாதிக்கே தெரியாத சங்கதி, கேட்டியா! நான் இத்தன பயந்தாங்கொள்ளியா?" உள்ளூரப் பெருமைதான். தன் வழக்கம் ஊரையே காப்பாற்றியிருக்கிறதே!

அடுத்த கழுவலின்போது பிரிஸ்காவின் எதிரிலேயே அமர்ந்து கட்டளை இட்டார். பிறகு, வழக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று, கவனமாக, நிதானமாக, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: யாரோ இவரைப் போல் நடிக்கிறார்கள்.

"பிள்ளே, நான்தான்!"

"தெரியுது ஸார். ஆனா மூஞ்சப் பாத்துட்டு விடலாம்னு விதியில இல்லியே."

"தெரிஞ்ச பொறவு ஒரு மனுஷன் பழைய மாதிரி எப்படி இருப்பான்?"

பிரிஸ்கா இணைப்பின் மேல் கை வைத்தாள். ஒருவேளை, கண்ணுக்குத் தெரியாமல் வேறு யாரும் வலைக்குள்ளே இருந்தால்? பிடுங்கினாள்.

கடற்கரை முழுவதும் குழாய்கள் நின்றன. ரொமால்டு திரையை நோக்கிக் குனிந்தார். "மடை அடைஞ்சுதா? நெசமாவே அடைஞ்சுதா? ஒருக்கா பாரு பிள்ளே!" என்று பதறியபடி விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது அவர் அசல் ரொமால்டுதான். அதைக் கேட்க ஊமைக்குத்தான் இணைப்பு இல்லை.