விசாரிப்பான்

வேலைக்கு வந்ததும் மருக்கொழுந்து வழக்கம்போலக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். மண்ணுக்குள் புதைந்துகிடந்த போர்விமானத்தின் இறக்கையை இடது கையால் தடவி, வண்ணம் மேடுதட்டும் இடத்தைக் கண்டுபிடித்தாள். வலது கையிலிருந்த சுரண்டியால் வறட் வறட்டென்று சுரண்ட ஆரம்பித்தாள். விமானம் எந்தப் படையைச் சேர்ந்தது என்று காட்டும் சின்னம் அங்கேதான் இருக்கும். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது, சுரண்டுகிறவளும்கூட. செவ்வாயில் விமானம் தோண்டுகிற வேலைக்கு அதுதான் முதல் விதி.

இரண்டாவது விதி, குழிக்குள் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் செவ்வாயின் தமிழர்கள் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்தான் இருந்தது. துருவத்துப் பனியை உருக்கிக் கொண்டுவந்த அந்தக் குழாயின் தலைமாட்டில் குடியிருந்தவர்கள் மேல்குழாய்க்காரர்கள். வால்மாட்டில் இருந்தவர்கள் கடைக்குழாய்க்காரர்கள். ஒருநாள் யாரோ குழாயின் வால்வை மூடிவிட்டதாக யாரோ சொன்னார்கள். மூடியது யார், சொன்னது யார் என்பதெல்லாம் இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்காக மூண்ட போரில் செத்தவர்களைப் புதைக்க இடம் போதவில்லை. மிஞ்சிய கொஞ்சம் பேருக்கு அப்போதுதான் புத்தி வந்தது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூடத்தில் கலந்துவிட்டார்கள். யார் பெற்ற பிள்ளை எது என்று யாருக்கும் தெரியாது. பெயரை வைத்துக்கூட எதையும் மோப்பம் பிடிக்க முடியாதபடி செடிகொடிகளின் பெயரை வைத்தார்கள். மருக்கொழுந்து எப்படி மணக்கும் என்று பாவம் மருக்கொழுந்துக்கே தெரியாது.

போரில் விழுந்த விமானங்கள் மட்டும் மணலுக்கடியில் கிடந்தன. உலோகத்துக்காகத் தோண்டினார்கள் என்பது பாதி உண்மை. மீதி உண்மை, கதைக்காக. ஒரு விமானியின் இருக்கைக்குப் பக்கத்தில் தக்காளிச் செடி ஒன்று காய்ந்த காயோடு இருந்தது. இன்னொருவனின் சட்டைப்பைக்குள் கைக்குழந்தையின் ஒற்றைக் காலுறை. அதையெல்லாம் குமிழ்நகரின் பொதுக்கூடத்தில் வைத்துக் கதையைச் சொல்வார்கள். எல்லோரும் கண்கலங்குவார்கள். அவன் எந்தப் பக்கத்துக்காரன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் எல்லோராலும் அழ முடிந்தது.

மருக்கொழுந்து சுரண்டி முடித்துக் கண்கட்டை அவிழ்த்தாள். குழிக்கு மேலே காற்றுக்கூடாரம் உப்பி நின்றதால் முகமூடி தேவைப்படவில்லை. தூரத்தில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் மேற்பார்வையாளர் வாகையும் வடம் இழுக்கும் நொச்சியும் இருந்தார்கள். நொச்சி அவளுடைய கணவன். காதுக்குள் செருகியிருந்த கருவியில் அவர்கள் இரண்டு பேரின் மூச்சும் கேட்டது. அவள் விமானத்தின் மூக்குப் பக்கம் தவழ்ந்து, விமானியின் இருக்கையை எட்டிப்பார்த்தாள்.

"என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

அப்படியொரு பிரியமான குரல். பக்கத்து வீட்டு மாமா கேட்பதுபோல இருந்தது.

"ஆச்சுங்க," என்றாள் மருக்கொழுந்து.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் சொல்லாத தமிழச்சி எந்தக் கிரகத்தில் இருக்கிறாள்? விமானத்தின் மூக்குக்கடியில் இருந்த பீரங்கிக் குழல் மணலை உதிர்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, அவள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

"அடிப்பாவி, பேசிட்டியா!" வாகையின் குரல் காதில் நடுங்கியது. "அசையாத. ஓடினா எதிரின்னு எடுத்துக்கும். இனிமே பேசாம இருந்தாலும் எதிரிதான். விசாரிப்பான் முழிச்சிருச்சு. கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லு. உண்மையவே சொல்லு."

விசாரிப்பான்! பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போர் நடந்தபோது இரண்டு பக்கமும் ஒரே முகம், ஒரே பேச்சு, ஒரே பழுப்புச் சட்டை. வானொலிச் சங்கேதங்களையும் மாற்றி மாற்றித் திருடிக்கொண்டார்கள். நம் ஆள் யார், எதிராளி யார் என்று விமானத்துக்கு எப்படிச் சொல்லித்தருவது? பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவருக்கு யோசனை வந்தது. பூமியிலிருந்து கொண்டுவந்த பழைய ஒலிப்பதிவுகளில், ரயிலிலும் பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களின் பேச்சு கொட்டிக்கிடந்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஒருவர் இன்னொருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டுவிடுகிறார். நேரடியாகக் கேட்பதே இல்லை. அது மரியாதை அல்லவே. இந்தத் திறமையை மிஞ்சிய கருவி ஏது என்று அத்தனை பதிவுகளையும் ஓர் இயந்திர மூளைக்குள் ஊற்றி, அதைப் பீரங்கியோடு இணைத்துவிட்டார்கள்.

"குரல் புதுசா இருக்கே," என்றது விசாரிப்பான். "நீங்க எந்தப் பக்கம்?"

"இங்க... இங்கதாங்க. குமிழ்நகர்."

"அது இப்ப இருக்கிற இடம். நான் பூர்வீகத்தைக் கேட்டேன்."

அந்தச் சொல்லையே அவள் கேள்விப்பட்டதில்லை. "அப்படின்னா?"

பீரங்கிக்குள் ஏதோ 'களுக்' என்றது. மருக்கொழுந்து முழங்காலை மணலில் அழுத்திக்கொண்டாள்.

"சரி விடுங்க. அப்பா பேரு?"

"தெரியாதுங்க. நாங்க எல்லாரும் ஒரே கூடத்துல வளர்ந்தவங்க."

"ஓ," என்றது குரல். பரிதாபமும் சந்தேகமும் சரிபாதி கலந்த 'ஓ'. "உங்க பேரு?"

"மருக்கொழுந்து."

"முழுப் பேரு?"

"அதுதாங்க முழுசு."

"கும்பிடுற சாமி?"

"காத்து எந்திரம் நிக்காம ஓடணும்னு வேண்டிக்குவோம். அதைச் சாமின்னு சொல்லலாமான்னு தெரியல."

"வீட்டுக்காரர் சொந்தத்துலயா, வெளியிலயா?"

"வெளியில மூச்சு முட்டுமுங்க. உள்ளதான் இருக்கார்."

காதுக்குள் நொச்சி விம்முவது கேட்டது. அவளுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது. அழுதால் தோள் குலுங்கும். குலுங்கினால் பீரங்கி என்ன நினைக்குமோ?

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. பிச்சி. இப்பதான் பேச்சு வந்திருக்கு. அவகிட்ட போகணுங்க. போர் எப்பவோ முடிஞ்சுபோச்சு. என்னை விட்டுடுங்க."

"அதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். ஒரே ஒரு விஷயம். தப்பா நினைச்சுக்காதீங்க. பாசிக்களி கிண்டும்போது உப்பை எப்பப் போடுவீங்க? கொதிக்கிற தண்ணியிலயா, இறக்கி வச்ச பிறகா?"

தொட்டியில் வளர்த்த பாசியில் கிண்டும் களி, எல்லோர் வீட்டிலும் தினமும் அதுதான். இரண்டில் ஒன்று உயிர், இன்னொன்று சாவு. எது எது? காதுக்குள் வாகை வாயைத் திறக்கவில்லை, அவருக்கும் தெரியாது. பொய் சொல்லலாமென்றால் எந்தப் பொய் காப்பாற்றும் என்று தெரிய வேண்டுமே! பிச்சி களியைப் பிசைந்து மூக்கில் பூசிக்கொள்வதுதான் அவளுக்கு நினைவில் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இறக்கின பிறகுங்க."

விமானத்தின் வயிற்றுக்குள் ஏதோ நெடுநேரம் உறுமியது. செத்தேன் என்றே நினைத்தாள்.

"அட, நம்ம ஆளு!" என்றது விசாரிப்பான். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன தாயி? போயிட்டு வாங்க. குழந்தைய நான் கேட்டதாச் சொல்லுங்க."

பீரங்கி தலையைத் தொங்கப்போட்டது.

அவளை மேலே தூக்கினார்கள். நொச்சி கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். வாகை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உசுரு பொழச்ச தாயி, அது போதும்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆமா, நீ உப்ப இறக்கின பிறகா போடுவ? எங்க வீட்ல தண்ணியிலயே போட்டுருவோம்," என்றார். தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். தற்செயலாகத்தான் எடுத்திருப்பார்.

"அண்ணே, அதை வெடி வச்சு உடைச்சிருங்க," என்று கெஞ்சினாள் மருக்கொழுந்து. உயிரோடிருக்கும் விசாரிப்பானை உடைத்துவிடுவதுதான் வழக்கமும்கூட.

ஆனால் உடைப்பதற்கு முன் சோதித்துப் பார்த்த வல்லுநர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பீரங்கிக்குள் ஒரு குண்டுகூட இல்லை. விழுந்த அன்றே எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்திருந்தது. அந்த விமானத்தில் இப்போது வேலை செய்வது கேள்வி கேட்கிற பகுதி மட்டும்தான். ஆபத்தில்லாத பொருளை எதற்கு உடைப்பது? நகரமன்றம் அதைக் கழுவித் துடைத்துப் பொதுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தது. உள்ளே கிடந்த விமானியின் கதையைச் சொல்ல ஆள் தயாராக நின்றார். கேட்கத்தான் யாரும் வரவில்லை. எல்லோரும் விமானத்தின் மூக்குக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

மருக்கொழுந்து வரிசையின் ஓரமாக ஓடி ஓடிச் சொன்னாள். பிள்ளைக்கூடத்துச் சமையலறையில் இரண்டு சமையல்காரர்கள் முறைபோட்டுச் சமைத்தார்கள். ஒருவர் உப்பை முதலில் போடுவார், ஒருவர் கடைசியில். யாரிடம் யார் பார்த்துப் பழகினோமோ அதுதான் வித்தியாசம். கேட்டுக் கேட்டு ஒன்றும் அகப்படாத இயந்திரம், கடைசியில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது, வேறொன்றுமில்லை என்றாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. அது எந்தப் படையின் விமானம் என்பதே யாருக்கும் தெரியாது. சின்னத்தைத்தான் அவளே சுரண்டியாயிற்றே. ஆனால் அது தன்னைப் பார்த்து 'நம்ம ஆளு' என்று சொல்லும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வரிசையின் நடுவில் நொச்சி நின்றுகொண்டிருந்தான். தோளில் பிச்சி.

"நீயுமா? வா வீட்டுக்கு," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்கு இப்படிப் பயப்படுற? அதுல குண்டுகூட இல்ல. வெறும் கேள்விதானே கொழுந்து? உன்னை யாருன்னு சொல்லிருச்சு. நான் யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? நாளைக்கு இவளை யாராவது கேட்டா என்ன சொல்லுவா?"

"யாரு கேக்கப்போறாங்க?"

நொச்சி அக்கம்பக்கம் பார்த்தான். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. பொழுது போக வேண்டுமே என்று முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க அந்த இதமான முணுமுணுப்பு கேட்டது. கேட்டவர் பதிலுக்குத் தலையாட்டுகிறார். சிலர் நெருங்கி நிற்கிறார்கள், சிலர் அரை அடி தள்ளிக்கொள்கிறார்கள். மருக்கொழுந்துக்குக் குழிக்குள் இருந்தபோதுகூட இவ்வளவு பயம் இருந்ததில்லை. அங்கே ஒரே ஒரு பீரங்கிதான், அதுவும் காலி. அவள் பிச்சியைப் பிடுங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நொச்சிக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள். நல்ல முகம், நல்ல சிரிப்பு.

"பாப்பா கொழுகொழுன்னு இருக்காளே! களிதான் குடுக்கிறீங்களா? உப்பு எப்பப் போடுவீங்க? ஒண்ணுமில்ல, சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

பீரங்கிக்கு முன்னால் உண்மையைச் சொன்னவள்தான் மருக்கொழுந்து. இப்போது உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, சிரித்த முகமாக, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"எங்க வீட்ல உப்பே சேக்கிறதில்லீங்க."