பதினோராவது சாம்பல் வண்டி

“அம்மா... அப்பாவை இடிச்ச காருக்கும் அடிபட்டிருக்கும்ல? அதை யாரு சரி பண்ணினா?”

ஐந்து வயது மகள் கேட்டதை டீச்சர் அப்படியே போலீஸிடம் கேட்டாள்.

அவர்களிடம் சாலையில் கிடந்த சாம்பல் நிறப் பெயின்ட் சில்லு மட்டும் இருந்தது.

கணவர் இறந்து, இடித்த கார் நிற்காமல் மறைந்து இரண்டு வருடம்.

இன்று காலை பத்து மணி. வக்கீல் வீட்டு கார் ஷெட்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன எஸ்.யு.வி. விற்பனைக்கு!

“தினம் ஸ்கூலுக்கு அறுபது கிலோமீட்டர்... நம்பிப் போகலாமான்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே.”

கூட்டி வந்த மெக்கானிக்கிடம் சொன்னாள் டீச்சர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அழுகை கூட அவளை விட்டுப் போய் வெகு நாளாகிறது.

ஃபிளாஸ்க்கிலிருந்த ஒரு டம்ளர் டீயில் பாதியை அவருக்கு ஊற்றினாள்.

“முதல்ல குடிங்க. வெறும் வயித்தோட வந்திருக்கீங்க.”

“எப்படிம்மா தெரியும்?”

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். வேலைன்னா சாப்பாட்டை மறந்துடுவாரு.”

வக்கீல் சிரித்தார். “வண்டி தங்கம் மாதிரிம்மா! ஒரு கீறல் கிடையாது!”

மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். சுத்தம். ஆயில் மூடியைத் திறந்தார். சுத்தம். கண்ணாடிகளின் மூலையில் அச்சடித்திருந்த வருடத்தைப் படித்தார்.

எல்லாம் ஒரே வருடம். முன் கண்ணாடி மட்டும் மூன்று வருடம் இளசு!

பானெட்டைத் தூக்கினார்...

குனிந்து பார்த்தார்.

போல்ட்டுகளின் தலையில் ரோஸ் நிற நெயில் பாலிஷ்! முறுக்கிய போல்ட்டை மறுபடி முறுக்கிவிடாமலிருக்க, மனைவியின் நெயில் பாலிஷால் பொட்டு வைக்கும் மெக்கானிக் அந்த ஊரிலேயே ஒருவர்தான்.

அவரேதான்!

வக்கீல் காதருகே குனிந்தார். “இப்பத் தெரியுதா? அன்னிக்குத் தாடி வெச்சிருந்தேன்.”

தெரிந்தது. மாடு குறுக்கே வந்ததாக அன்று வக்கீல் சொன்னார். கிரில்லில் சிக்கியிருந்த நீலச் சட்டைக் கிழிசலைப் பிடுங்கி எறிந்தது மெக்கானிக்கின் இதே கைதான். எந்த மாடு சட்டை போடும்?

கேட்கவில்லை. புதுக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்.

“வாயைத் திறந்தா நீயும் உள்ள. ‘நல்ல வண்டி’ன்னு சொல்லு, போதும். ஆர்.சி. புக் எடுத்துட்டு வர்றேன்.”

வக்கீல் உள்ளே போனார்.

மெக்கானிக் டீச்சர் பக்கம் திரும்பினார். “நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கம்மா...”

“எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுண்ணே.”

“என்னம்மா சொல்றீங்க!”

“இது நான் பார்க்கற பதினோராவது சாம்பல் வண்டி. எதுக்காவது அடிபட்டிருக்கான்னு பார்க்கறேன், அவ்வளவுதான். அன்னிக்கு அவரு நீலச் சட்டை போட்டுட்டுப் போனாரு.” அவள் பானெட்டைப் பார்த்தாள். “இதுக்கு அடிபட்டிருக்கா?”

டம்ளரின் சூடு இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது. கடவுள் சில சமயம் அரை டம்ளர் டீயாகத்தான் வருகிறார்.

“டெஸ்ட் டிரைவ் போயிட்டு வந்து சொல்றேன்மா.”

திரும்பி வந்த வக்கீல் கண்ணடித்தபடியே சாவியை வீசினார். “போயிட்டு வாப்பா!”

போனார். தனியாக. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

மூன்றாவது தெருவில் போலீஸ் ஸ்டேஷன்.

“என்னய்யா கம்ப்ளெயின்ட்?” நிமிராமலே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சாவியை மேஜைமேல் வைத்தார் மெக்கானிக்.

“வெளியில நிக்கிற வண்டியைத் தாராளமா நம்பலாம் சார். ஓட்டினவரையும் நம்ப முடியாது, சரி பண்ணின என்னையும் நம்ப முடியாது... உள்ள ரெண்டு பேருக்கு இடம் இருக்கா?”