ஒற்றை நாற்காலி

அறுபது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை அதிர்ச்சித் தேர்வு. அறைக்குள் ஒரே ஒரு நாற்காலி. எதிர்பாராத நேரத்தில் சைரன் அலறும்; உடம்பில் கார்ட்டிசால் என்கிற அழுத்தச் சுரப்பு ஏறும். அது இறங்க எடுக்கும் நேரத்தை மணிக்கட்டில் கட்டிய தணிவுமானி காட்டும். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் வேலையில் தொடரலாம். இல்லையென்றால் மறுநாளே ஓய்வு. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவன் நான். போன வருடம் என் சொந்த அக்காவுக்கே ஓய்வு எழுதினேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

விதி எலிகளிடமிருந்து வந்தது. பயம் எல்லா எலிக்கும் ஏறும். கிழட்டு எலிக்கு இறங்கத்தான் நேரமாகும். எங்கள் ஆய்வகத்தில் எலிகளைத் தண்ணீரில் நீந்த விட்டுப் பயமுறுத்தி அதை இன்றும் அளக்கிறார்கள்.

அன்று தேர்வு ராஜகனிக்கு. எலிக்கூடத்தில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். போன வருடம் ஐம்பத்தெட்டு நிமிடம், மயிரிழையில் தப்பினார். தேர்வுக்கு முன் அவருடைய பதிவேட்டைப் புரட்டினேன். மற்றவர்களின் கிழட்டு எலிகள் இரண்டு மணி நேரம் எடுக்க, இவருடையவை நாற்பதே நிமிடத்தில் அடங்கியிருந்தன. பொய்யாக எழுதியிருக்கிறார் என்றே நினைத்தேன். நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"பொய்யில்ல சார். தண்ணில நீந்த விட்டு எடுத்ததும் தனிக் கூண்டுல போடணும்னு விதி. நான் அதுகூட வளந்த எலிகிட்டயே விட்டுருவேன். நனைஞ்சு நடுங்குறதப் போயி எப்படி சார் தனியாப் போடுறது?"

"விதிய மீறியிருக்கீங்க."

"ஆமா சார். ஓரத்துல எழுதியும் வச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'துணையுடன்' என்று இருந்தது. எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. படித்தவர்கள் எத்தனை பேர் அந்த ஏட்டைப் புரட்டியிருப்போம்! ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

சைரன் அலறியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நாற்பது நிமிடமாகியும் தணிவுமானியின் கோடு இறங்கவில்லை. உள்ளே ராஜகனி கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வேலை போனால் அவர் எலிகள் நாளைக்கே தனிக் கூண்டுக்குப் போய்விடும். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"நீங்க வரலாமா சார்?"

"அது இருக்கட்டும். எலிக்கெல்லாம் பேரு வச்சிருக்கீங்களா?"

"ஒருத்தன் இருக்கான். பெரியமனுசன்னு கூப்பிடுவேன். வாயத் தொறந்தா கொட்டாவிதான்." சிரித்துவிட்டார்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கோடு இறங்கியது. சான்றிதழில் நேரத்தை எழுதி, ஓரத்தில் 'துணையுடன்' என்று சேர்த்தேன்.

நான் வீட்டுக்கு அனுப்பிய அத்தனை பேரும் அங்கே தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதல் போன் அக்காவுக்கு. மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு தடவ தேர்வுக்கு வா. இந்தத் தடவ நானும் உள்ள வந்து உக்காந்துக்கிறேன்."