எப்சிபாவின் எண்ணரேகை

சேர்க்கை உறுதியான மறுநாளே நெற்றிப்பட்டை வந்துவிட்டது. கரையிலாப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட பெட்டியை எப்சிபா வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கிளாட்வின்தான் மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தான். உள்ளே விரல் அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, அதன் நடுவில் கடுகளவு விளக்கு.

"இத மாட்டுனா நீ நினைக்கதெல்லாம் வெளிய தெரிஞ்சு போயிருமோ?" என்றான்.

"என்ன நினைக்கேன்னு தெரியாதாம். எப்படி நினைக்கேன்னு மட்டுந்தான் தெரியுமாம்."

"அப்ப மனசுக்குள்ள என்னையத் தைரியமா ஏசிக்கிடலாம், சரிதானா?"

போலிக்காரர்கள் முதலில் கடவுச்சொற்களைத் திருடினார்கள், பிறகு முகத்தையும் குரலையும் கைரேகையையும் போலி செய்தார்கள். வீட்டிலிருந்து படிக்கும் பட்டங்களில் பாதியை இயந்திரங்களே எழுதி வாங்கிய காலம் ஒன்று வந்து, அந்தப் பட்டங்களை எந்த வேலையிலும் மதிக்காமல் போன பிறகுதான் எண்ணரேகை கண்டுபிடிக்கப்பட்டது. தூரத்தில் வருகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதுபோல ஒரு மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நடையை வைத்து நெற்றிப்பட்டை ஆளை அறிந்தது. குடை என்று கேட்டதும் ஒருவருக்கு மழை நினைவு வரலாம், இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம். எது வந்தது என்பது பட்டைக்குத் தெரியாது. எவ்வளவு விரைவில், எந்த வழியாக வந்தது என்பது தெரியும். அதைப் போலி செய்ய எவராலும் முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் தொடங்கிவைத்ததை நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டன.

பதிவு ஒரு மதியம் முழுக்க நடந்தது. எப்சிபா திரைமுன் உட்கார்ந்து படங்களையும் சொற்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாடிப்படி. பேருந்து நிலையம். சாவி. மஞ்சள் நிறம். மீன் பொரிக்கும் வாசம் வந்தது. "அவளத் தொந்தரவு செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கான்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லியபடி கிளாட்வின் கதவைச் சாத்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் விளக்கு பச்சையாகி, திரையில் எழுத்துகள் தோன்றின: 'வருக, எப்சிபா. இனி நீங்கள் நீங்களாகவே இருங்கள்.'

தொழிற்பாதுகாப்புப் படிப்பு அவன் எடுக்கச் சொன்னதுதான். அவன் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் உவர்நீக்கு நிலையத்தில் வேலை பார்த்தான். அழுத்தக் குழாய் ஒன்றின் இணைப்பு வேர்க்கிறது, நீர் கசிகிறது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "சொன்னா கேக்கானுவளா. துணியச் சுத்தி வச்சிருக்கானுவ. நீ படிச்சு ஆய்வாளரா வா, எப்சி. முதல்ல எங்க நிலையத்தத்தான் இழுத்துப் பூட்டணும். அதுவரைக்கும் அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்."

அறிமுக வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே அந்த இணைப்பு வெடித்துவிட்டது. எதிரே நின்றவன் அவன்.

சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று ஆலயத்திலும் சொன்னார்கள். அனுமதி இல்லாத இடத்துக்கு அவனாகப் போனான் என்று நிலையம் அறிவித்தது. கூட வேலை பார்த்த பால்துரை கல்லறைத் தோட்டத்திலேயே அவள் பக்கத்தில் வந்து நின்று, "பொய், மதினி. அவன அங்க அனுப்பினதே அவங்கதான். நாம நடுவர் மன்றத்துல மனு போடணும்" என்றான். அவள் தலையசைத்தாள். எதற்குத் தலையசைக்கிறோம் என்றுகூட அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கலைந்தார்கள். கிளாட்வினின் அக்கா ஜெபராணி மட்டும் துணைக்கு இருந்தாள். ஒரு காலையில் எப்சிபா எழுந்து முகம் கழுவி, நெற்றிப்பட்டையை எடுத்து மாட்டினாள். இனி அந்தப் படிப்பு ஒன்றுதான் அவன் சொல்லிப்போன வேலை என்று தோன்றியது.

விளக்கு சிவப்பாக எரிந்தது. 'நீங்கள் எப்சிபா அல்ல.'

கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். அதே சிவப்பு.

மாணவர் உதவிப் பிரிவில் மித்திரை என்ற பெண் பேசினாள். நெற்றியில் அவளும் பட்டை அணிந்திருந்தாள். எப்சிபா நடந்ததைச் சொன்னாள்.

"பட்டை பழுதாகலைம்மா. நீங்கதான் மாறிட்டீங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா மாறுனா அது ஏத்துக்கும். எல்லாருக்கும் வயசாகுது இல்லையா. ஒரேடியா மாறிட்டா வேற ஆள்னு எடுத்துக்கும்."

"இறப்புச் சான்றிதழ் இருக்கு. அனுப்பட்டுமா?"

"அது அவருக்கான சான்றிதழ். நீங்க நீங்கதான்னு அது சொல்லாது."

"புதுசா பதிஞ்சுக்கிடலாம்லா?"

"ஒருத்தருக்கு ஒரு எண்ணரேகைதான். ரெண்டாவது பதிவு உண்டுன்னா போலிக்காரங்கதான் முதல்ல வந்து நிப்பாங்க. அறிமுக வகுப்பு முடியறதுக்குள்ள நீங்க உள்ள வரலைன்னா, ஆள்மாறாட்டம்னு பதிவாகிடும். அப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்துலயும் சேர முடியாது." மித்திரை பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் ஷிப்ட்டுல வேலை பாத்தாருன்னு சொன்னீங்களே. ஷிப்ட்டுக்குப் போயிருக்கார்னு நினைச்சுக்கிட்டுப் பட்டையப் போடுங்க. எங்கம்மா தவறினப்போ நானும் ஊருக்குப் போயிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் வேலைக்கு வந்தேன்."

முதலில் அது கைகூடவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைக்கப் பார்த்தாள். நினைத்த உடனே பெட்டி கண்முன் வந்தது. பிறகுதான் அதன் சூட்சுமம் பிடிபட்டது. உயிரோடு இருக்கிறான் என்று நினைக்கக் கூடாது. அவனைப் பற்றி நினைக்கவே கூடாது. இரண்டு பேருக்குச் சோறு வைக்க வேண்டும். அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட வேண்டும். மாலையில் வாசல் விளக்கைப் போட வேண்டும். இதையெல்லாம் கை தானாகச் செய்யும்போது, மனம் பழைய தடத்தில் நடக்கத் தொடங்கிவிடும்.

அறிமுக வகுப்பின் கடைசி நாளில் விளக்கு பச்சையானது. 'வருக, எப்சிபா.'

அந்த நேரத்தில் அறைக்குள் வந்த ஜெபராணி, இரண்டு தட்டுகளையும் பார்த்தாள், எப்சிபாவின் தெளிந்த முகத்தையும் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"அவுகளுக்குத்தான் மைனி. பகல் ஷிப்ட்டு" என்று எப்சிபா இயல்பாகச் சொன்னாள். சொன்னபோது அவளுக்கு அது பொய்யாகவே இல்லை.

ஜெபராணி போய்த் தன் துணிகளை எடுத்து வைத்தாள். கிளம்பும்போது, "என் தம்பிக்கு அழக்கூட இந்த வீட்டுல ஆள் இல்லாமப் போச்சு" என்றாள். பட்டையைக் கழற்றிய பிறகு எப்சிபாவுக்கு அந்தச் சொல் உறைத்தது. அழலாம் என்று உட்கார்ந்தாள். நாளைக்கு வகுப்பு இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டாள்.

வகுப்பில் அவள் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். சக மாணவர்களிடம் பழகியபோதுதான் மற்றவர்கள் கதையும் தெரிய வந்தது. ஒருத்தன் காதலித்த பெண்ணோடு நடக்க இருந்த திருமணத்தைப் படிப்பு முடியும்வரை தள்ளிவைத்திருந்தான். பெரிய மகிழ்ச்சிக்கும் அதே சிவப்பு விளக்குதான். வகுப்புக்கு முன் செய்தி பார்ப்பவர்கள் எவருமே இல்லை. சிலர் நண்பர்களைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். பாடங்களும் அதற்கேற்ப மாறியிருந்தன. முன்பு இந்தப் படிப்பில் விபத்துகளில் இறந்தவர்களின் படங்களைக் காட்டிக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்வார்களாம். அதைப் பார்த்து மறுநாள் உள்ளே வர முடியாமல் நிறையப் பேர் நின்றுபோனதால் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது குழாய்களின் தடிமன் மட்டும் இருந்தது. பேராசிரியர் ஒரு நாள், "உங்க வகுப்புல சிவப்பே வர்றதில்ல. இவ்வளவு நிதானமான மாணவர்களை நான் பார்த்ததில்ல" என்று பாராட்டினார்.

பால்துரை விடாமல் அலைந்ததில் மனு விசாரணைக்கு வந்தது. அந்த இணைப்பை மாற்றவே இல்லையாம். வெடித்த இடத்தை மட்டும் ஒட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "தினமும் அதுக்குக் கீழதான் மதினி நிக்கேன். நீங்க வந்து சொன்னாத்தான் நிறுத்தி வைப்பாங்க. எங்க பேச்சு எடுபடாது" என்றான். பாதிக்கப்பட்டவர் கொடுத்த மனுவின் பேரில்தான் நடுவர் மன்றம் ஒரு நிலையத்துக்குள் நுழைய முடியும் என்பது சட்டம்.

மன்றத்திலும் நெற்றிப்பட்டை உண்டு. யார் தலையில் விளக்கு பச்சையாக இருக்கிறதோ அவர் பேசுவதைத்தான் பதிவுப்பொறி எழுதும். எப்சிபா வாசலிலேயே கண்ணை மூடி, வீட்டில் உலையில் கிடக்கும் அரிசியை நினைத்துக்கொண்டாள். பச்சை எரிந்தது. இழப்பைச் சொல்ல வந்தவள் இழப்பில்லாதவளாகத்தான் உள்ளே போனாள். பின்வரிசையில் பால்துரை இருந்தான். அவன் சொல்லி அழைத்து வந்திருந்ததால் ஜெபராணியும் இருந்தாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிலையத்தின் வழக்கறிஞர் மரியாதையாகவே பேசினார். "மனுதாரரோட எண்ணரேகைப் பதிவ மன்றம் பாக்கணும். கணவர் இறக்கறதுக்கு முன்னால எடுத்தது இது. இறந்ததுக்கு அப்புறம், வகுப்பு நடந்த ஒவ்வொரு நாளும் எடுத்தது இது. ரெண்டும் ஒண்ணுதான். நடுவுல சிவப்பு எரிஞ்சது வேற ஆளோடதுன்னுதான் பதிவு சொல்லுது. ஒருத்தர் இறந்தா நெருங்கினவங்க மனசு மாறும். இவங்க மனசு ஒரு நாள்கூட மாறலை. இவங்களக் குறை சொல்லலை. ஆனா இவங்க பாதிக்கப்பட்டவர் இல்ல."

நடுவரம்மா பதிவுகளை வெகுநேரம் பார்த்தார். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன.

"இதுக்கு நீங்க என்ன சொல்லுறீங்க?"

எப்சிபாவுக்கு இரண்டு வழியும் தெரிந்தே இருந்தது. பேசாமல் இருந்தால் மனு தோற்கும், ஆனால் படிப்பு மிஞ்சும். சில ஆண்டுகளில் ஆய்வாளராகி அந்த நிலையத்தைத் தானே பூட்டலாம். அதுவரை இணைப்பு தாங்க வேண்டும். உண்மையைப் பேசினால் படிப்பு போகும், நிலையம் இன்றே நிற்கலாம். அவள் திரும்பிப் பார்த்தாள். பால்துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நான் இல்லம்மா" என்றாள். "உள்ள வர்றதுக்காக அவுக செத்ததயே நினைக்காம இருந்தேன். தினமும் ஷிப்ட்டுக்குப் போயிருக்காகன்னு சொல்லிச் சொல்லியே..."

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. மூடிய பெட்டி வந்தது. தூக்கியவர்கள் அது லேசாக இருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் வந்தது. விளக்கு சிவப்பானது. பதிவுப்பொறி பாதி வாக்கியத்தில் நின்றது.

"அம்மா, நீங்க இப்ப பேசுறது பதிவாகலை" என்றார் நடுவர்.

"தெரியும்மா. கேளுங்க."

இணைப்பு எப்போதிலிருந்து வேர்த்தது என்று சொன்னாள். துணி சுற்றியதைச் சொன்னாள். யாரிடமெல்லாம் அவன் முறையிட்டான் என்று பெயர் பெயராகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள், அழுதபடியே சொன்னாள். வழக்கறிஞர் ஆட்சேபிக்கவில்லை, அதற்குத் தேவை இருக்கவில்லை. நடுவர் கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என்னால எழுதிக் குடுக்க முடிஞ்சது இவ்வளவுதான்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். விளக்கு சிவந்தவர் மனுதாரர் அல்ல, மனுதாரர் வரவில்லை என்று அதில் இருந்தது. மனு தள்ளுபடி.

வெளியே படிக்கட்டில் எப்சிபா உட்கார்ந்துவிட்டாள். ஜெபராணி பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பால்துரை கொஞ்ச நேரம் நின்றான்.

"நான் வாரேன் மதினி. ரெண்டாவது ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."

அவன் போகும் திசையைப் பார்க்க அவளால் முடியவில்லை. மடியிலிருந்த கைபேசி ஒலித்தது. ஜெபராணிதான் எடுத்து வாசித்தாள்.

"கரையிலாப் பல்கலைக்கழகத்துலேருந்து. உன் பேருல யாரோ ஒருத்தி இன்னைக்கு மன்றத்துல பேசப் பாத்தாளாம். உண்மையான எப்சிபா பத்திரமா இருக்காங்களா, உடனே தெரியப்படுத்தணுமாம்."

"நல்லா இருக்கேன்னு போட்டு விடுங்க மைனி."

ஜெபராணி தட்டிப் பார்த்தாள். பதில் அனுப்ப, முதலில் நெற்றிப்பட்டையை அணியும்படி கைபேசி கேட்டது.